சித்திரக்காரரின் வாசலில்

கோவில்பட்டி என்றவுடன் நேயர்களில் பலருக்குக் கடலை மிட்டாய்தான் நினைவுக்கு வரும். அதில் தவறொன்றுமில்லை. 2020-ஆம் ஆண்டில் நமது ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இன்னும் சிலருக்குத் தீப்பெட்டி நினைவுக்கு வரும். விவசாயம் அறிந்தவர்களுக்குக் கரிசல் மண்ணும் பருத்தியும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு தொழிலும் உண்டு என்பதை நமது ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். அதுதான் சித்திரத் தொழில்.

தங்கள் பாட்டனார் காலத்துப் பூஜை அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பழைய தெய்வப் படம் ஏதேனும் இருந்தால், ஒரு முறை அருகில் சென்று கீழ் மூலையைப் பாருங்கள். ‘ஸி. கொண்டையா ராஜு’ என்று பொடி எழுத்தில் ஆங்கிலக் கையெழுத்து ஒன்று தென்பட்டாலும் தென்படும். தென்பட்டால், தங்கள் வீட்டுக்கும் கோவில்பட்டிக்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன்பு நம்முடைய உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து குடும்ப சகிதமாக வந்திருந்தார். “இந்த ஊரில் கையால் படம் எழுதுகிறவர் யாரேனும் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமே” என்றார். நாம் ஒருவரை அறிவோம். ஆகவே அழைத்துக்கொண்டு போனோம். ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, ஐந்து பேருக்கும் ஐந்து விதமான அபிப்பிராயம்! ஒருவருக்கு ஆச்சரியம், ஒருவருக்கு ஏமாற்றம், ஒருவருக்குத் தும்மல். அன்றிலிருந்து அந்தச் சித்திரசாலைக்குப் போய் வந்தவர்களைக் கண்ட இடத்திலெல்லாம் விசாரித்துக்கொண்டு வருகிறோம். அவ்வாறு கேட்டறிந்தவற்றையும், கடைசியில் நம் மீதே நாம் சாட்டிக்கொள்ள வேண்டியிருந்த குற்றம் ஒன்றையும் இங்கே எழுதுகிறோம்.

நாடகம் கலைந்த ஊர்

முதலில் பழைய கதை.

கொண்டையா ராஜு 1898-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைச் சித்திரக் கலாசாலையில் பயின்றவர். கற்ற வித்தையைக் கொண்டு சர்க்கார் உத்தியோகம் தேடிக்கொள்ளாமல், சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குக் காட்சிப் படுதா எழுதும் வேலையில் அமர்ந்தார். அந்நாளில் நாடகம் என்றால் பாட்டு பாதி, படுதா பாதி. அரண்மனை ஒரு படுதா. நந்தவனம் ஒரு படுதா. கைலாசம் ஒரு படுதா. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தர்பார் மண்டபத்தின் தூண்கள் உள்ளோடித் தெரிய வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நிறம் மங்காமல் நிற்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தவனே படுதா எழுதத் தகுந்தவன்.

1940-களில் அவர் இருந்த நாடகக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்து போயிற்று. நடிகர்கள் அவரவர் வழியே போனார்கள். கொண்டையா ராஜுவும் அவருடைய மாணாக்கர் சிலரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். ‘தேவி ஆர்ட் ஸ்டூடியோ’ என்ற சித்திரசாலை அவ்வாறு நமது ஊரில் உண்டாயிற்று. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய மாணாக்கர்கள் அவரிடம் தொழில் பயின்று, பின்னர் தாங்களும் பெயர் பெற்றார்கள்.

அருகே சிவகாசி இருந்தது இவர்களுடைய அதிர்ஷ்டம். ஷண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு மேல் ஒட்டச் சித்திரம் அச்சிட்ட சீட்டு வேண்டும். அதற்கு அச்சுக்கூடம் வேண்டும். அச்சுக்கூடம் வந்த பிறகு சீட்டோடு நிற்குமா? நாட்காட்டியும் அச்சாயிற்று. நாட்காட்டிக்குத் தெய்வப் படம் வேண்டும். அதை எழுதும் கை கோவில்பட்டியில் இருந்தது. மூலச் சித்திரம் ஒன்று இங்கிருந்து ரயிலேறிப் போகும். பிரதிகள் பல்லாயிரமாகி, மளிகைக் கடைக்காரரின் பெயரையும் ஜவுளிக் கடைக்காரரின் பெயரையும் அடியில் தாங்கிக்கொண்டு தென்னாடு முழுவதும் பரவும்.

இதற்கு முன்னோடி ரவி வர்மா என்பதை நேயர்கள் அறிவார்கள். 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்த அவர், 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் படங்களை வர்ணத்தில் அச்சிட்டார். அரண்மனைச் சுவரில் இருந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் குடிசைச் சுவருக்கு இறங்கி வந்தது அப்போதுதான். அந்தப் பாதையில், ஆனால் ராஜ குடும்பத்து ஆதரவு ஏதுமின்றி, வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு நடந்தவர் கொண்டையா ராஜு. 1976-ஆம் ஆண்டில் அவர் காலமானார். கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்பவர் அவருடைய சித்திரங்களை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். கடல் கடந்து ஒருவர் வந்து கேட்ட பிறகுதான் நமக்கே நமது ஊர்ப் பெருமை தெரிய வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்றையச் சித்திரசாலை

நாம் உறவினரை அழைத்துச் சென்ற இடம் அப்படிப் புகழ் பெற்றதன்று. கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கூரை வேய்ந்த ஒரே அறை. அதன் சொந்தக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். சிறு பிராயத்தில் சினிமாத் தட்டி எழுதும் ஒருவருக்கு வர்ண வாளி தூக்கத் தொடங்கியவர். கடைப் பலகை, லாரியின் பின்புறம், பள்ளிச் சுவர், கோயில் மதில், கலியாணப் பந்தல், காலமானவர்களின் உருவப் படம் என்று அவர் எழுதாத இடம் தாலுகாவில் இல்லை. தெருவே அவருக்குச் சித்திரசாலை. அறை என்பது வெயில் தாழும் வரை உட்காரும் இடம். கொண்டையா ராஜுவின் சிஷ்ய பரம்பரை என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் பழைய நாட்காட்டிப் படம் ஒன்றை எண்ணெய்க் கறை படாத ஒரே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

உள்ளே நுழைந்தால் ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்த நெடி. தேங்காய்ச் சிரட்டைகளில் காய்ந்துபோன வர்ணங்கள். மூலையில் பாதி எழுதிய ஐயனார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பல் வைத்தியரின் பெயர்ப் பலகை. இரண்டுக்கும் நடுவே சித்திரக்காரரின் மதியச் சாப்பாட்டுத் தூக்கு.

நம் உறவினரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சிறு புகைப்படம் ஒன்றின் மேல் பென்ஸிலால் கட்டம் போட்டு, பலகையின் மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து முகத்தைப் பெரிதாக்கும் முறையை அவர் காட்டியபோது அந்தக் குழந்தை மூச்சு விடவும் மறந்து நின்றாள். “இது நாங்கள் கணக்கில் படித்த விகிதம் அல்லவா?” என்றாள். “அப்படியா தாயி? எனக்கு அந்தப் பேர் தெரியாது” என்றார் அவர்.

அவளுடைய தமையன் கைப்பேசியை எடுத்து ஐயனாரையும் பல் வைத்தியரையும் சேர்த்துப் படம் பிடித்தான். ஈரமான பலகையின் ஓரத்தில் விரலை வைத்து, அந்த விரலைச் சுவரில் துடைத்தான். சித்திரக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. உறவினரோ வாசலில் நின்றவாறே, “பெரிய கூடம், வரிசையாகப் படங்கள் என்று நினைத்து வந்தேன். இது பட்டறை மாதிரி அல்லவா இருக்கிறது!” என்று நம் காதருகில் சொன்னார். அவர் மனைவிக்கு எண்ணெய் நெடியில் தும்மல் தொடங்கிவிட்டது. அவருடைய தாயார் மட்டும் பாதி எழுதிய ஐயனாருக்கு முன் கைகூப்பி நின்றார். “இன்னும் கண் திறக்கலேம்மா” என்று சித்திரக்காரர் சொன்ன பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

வந்தவர்கள் சொன்னவை

பிறகு நாம் விசாரித்த வகையில் கிடைத்த அபிப்பிராயங்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு இந்தச் சித்திரக்காரர் மீது மிகுந்த கோபம். ஆவணியில் கடை திறப்பு. பலகையை ஆடிக் கடைசியில் தருவதாகச் சொன்னவர், கடை திறந்து பதினைந்து நாள் கழித்துத்தான் தந்தாராம். “வித்தை இருந்து என்ன அண்ணாச்சி? நாணயம் வேண்டாமா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. சித்திரக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். அவர் வாசற்புறம் கையைக் காட்டினார். அப்போதும் ஆடி மாதந்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்த மேல்காற்று, உழுது போட்ட கரிசல் காட்டுத் தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டமான அந்தக் காற்று, எண்ணெய் வர்ணத்துக்குச் சத்துரு. தண்ணீர் உலர்வது போல எண்ணெய் வர்ணம் உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராண வாயுவை மெல்ல உட்கொண்டு இறுகுகிறது. அதற்குப் பல நாட்கள் ஆகும். அதுவரை அதன் மேல் விழும் தூசி அதிலேயே குடியிருந்துவிடும். இதைச் சித்திரக்காரர், “ஆடியிலே எழுதினா மொகத்துக்கு அம்மைத் தழும்பு விழுந்துரும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அப்படியானால் ஆடியில் தருவதாக ஏன் ஒப்புக்கொண்டார்? “இல்லைன்னா வேற எடத்துக்குப் போயிருவாகளே” என்றார். கடைக்காரர் சொன்னதும் உண்மை. இவர் சொன்னதும் உண்மை.

அடுத்தவர் ஒரு விவசாயக் குடும்பத்து மூதாட்டி. அவருடைய கணவர் நாற்பது வருஷங்களுக்கு முன் இறந்துவிட்டார். ஒரு புகைப்படங்கூடக் கிடையாது. சித்திரக்காரர் அவருடைய மூன்று பிள்ளைகளையும் வரவழைத்து உட்கார வைத்தார். “மூக்கு யாருது? நெத்தி யாருது? காது ஒட்டின காதா, தொங்கின காதா?” என்று மூதாட்டியைக் கேட்டுக் கேட்டு, ஒரு மாத காலம் அழித்தழித்து எழுதினார். படம் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பரம திருப்தி. மூதாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான். ஆனா அவுக இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை” என்றாராம். சித்திரக்காரர் சிரிப்பை எடுத்துவிட்டார். இப்போது பிள்ளைகளுக்குத் திருப்தி இல்லை! அந்தப் படம் மூதாட்டியின் வீட்டில் மாலையுடன் தொங்குகிறது. அதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, “அவுகதான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மூன்றாமவர் நகரத்திலிருந்து வந்த ஒரு யுவர். பழைய கைத்தொழில்களைப் பற்றிச் சலனப் படம் எடுப்பவராம். இரண்டு நாள் இருந்து, சித்திரக்காரரை ஏணியில் ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, எழுதியதையே மறுபடி எழுதச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார். போகும்போது மிகவும் நெகிழ்ந்து போய்விட்டாராம். சித்திரக்காரருக்கு இரண்டு நாள் வேலை கெட்டது. கூலியைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவருக்குக் கேட்கக் கூச்சம். இவருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

நான்காமவன் நம்மிடம் படித்த ஒரு பையன். பரீட்சையில் தேறாதவன். ‘இவன் எதற்கும் உதவமாட்டான்’ என்று நமது ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதப்பட்டவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சித்திரசாலைக்குப் போய்த் தூரிகை கழுவிக்கொண்டிருந்தான். ஆறு மாதம் தூரிகை மட்டுந்தான். பிறகு சுவரில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு அடிக்கும் வேலை. அதற்குப் பிறகு எழுத்தின் உட்புறம் வர்ணம் நிரப்பும் வேலை. இன்று அவன் கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து வடிவமைக்கிறான். “ழகரத்துக்கு எவ்வளவு இடம் விடணும்னு எனக்கு அங்கேதான் சார் தெரிஞ்சுது” என்றான். தமிழாசிரியராகிய நமக்கு இது சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது.

நம்முடைய பங்கு

இனி நம்முடைய கதை. இதைச் சொல்லாமல் பிறர் கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

எட்டயபுரம் நமது ஊருக்குக் கூப்பிடு தூரம். பாரதியார் 1882-ஆம் ஆண்டு பிறந்த மண். ஆகவே நமது பள்ளிக்கூடத்தின் முகப்புச் சுவரில் பாரதியார் உருவம் ஒன்று எழுத வேண்டுமென்று சில ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்தோம். அந்தப் பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டோம். இந்தச் சித்திரக்காரரைத்தான் அழைத்தோம். அவர் சொன்ன கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். “தேசிய கவி அல்லவா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கக்கூடாதா?” என்று பேசியதும் நினைவிருக்கிறது. பாரதியாரின் பெயரைச் சொல்லி ஓர் ஏழைத் தொழிலாளியின் கூலியைக் குறைத்தோம் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

அவர் இரண்டு நாள் சாரம் கட்டி நின்று, சுவரைத் தேய்த்து, கட்டம் போட்டு, உருவத்தைக் கரிக்கோட்டில் முழுவதும் எழுதி முடித்தார். முண்டாசும் மீசையும் வந்துவிட்டன. கண்கள் மட்டும் எழுதப்படவில்லை. அவை கடைசியில்தான் என்றார். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், “இதற்கு ஏன் இவ்வளவு செலவு? ஃபிளெக்ஸில் போட்டால் நாளைக் காலையில் வந்துவிடுமே, முகமும் அச்சாக இருக்குமே” என்றார். அவ்வாறே ஆயிற்று. சித்திரக்காரரிடம், “பிறகு பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி” என்று நாம்தான் சொன்னோம். அவர் சாரத்தை அவிழ்த்துக்கொண்டு போனார். எழுதிய கோட்டுக்குக் கூலி கேட்கவில்லை. நாமும் கொடுக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து, அதன் மேல் ஃபிளெக்ஸ் பாரதியை ஆணியடித்து மாட்டினோம்.

ஃபிளெக்ஸ் என்பது பிளாஸ்டிக் பூசிய துணி; யந்திரம் சில மணி நேரத்தில் அச்சிட்டுத் தந்துவிடும். இந்நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் தமிழ்நாட்டில் பரவி, கையால் எழுதுகிறவர்களின் பிழைப்பை வெகு விரைவில் கவிழ்த்துவிட்டது. அதன் மலிவையும் வேகத்தையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கரிசல் சீமையின் வெயிலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. இரண்டாம் கோடையில் பாரதியாரின் சிவப்பு நிறம் வெளுத்து, முகம் நீலம் பாரித்தது. மூன்றாம் வருஷத்து ஆடிக் காற்று அவரைக் குறுக்கே கிழித்தது. கிழிந்ததைக் கழற்றி எறிந்தோம். அது மக்கவும் மக்காது, பள்ளிக்குப் பின்புறத்து வேலிக்காத்தான் புதரில் இன்னும் கிடக்கிறது.

அதன் பிறகுதான் வேடிக்கை. ஐப்பசி மழையில் வெள்ளைப் பூச்சு சிறிது சிறிதாகக் கரைந்தது. அடியிலிருந்து முண்டாசு தெரிந்தது, பிறகு மீசை, பிறகு முகத்தின் விளிம்பு. கண்கள் இல்லை. ‘கண்ணில்லாத பாரதி’ என்று பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் காலைப் பிரார்த்தனைக்கு அந்தச் சுவருக்கு எதிரில்தான் நாம் நிற்கிறோம்.

எழுத்துக்கும் சித்திரத்துக்கும்

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கரிசல் சீமை எழுத்தாளர்களைக் கொண்டாடாமல் விட்டதில்லை. பக்கத்து இடைசெவல் கிராமத்தில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமிப் பரிசு, அவர் மறைந்த பிறகேனும் கிடைத்தது. அதே கிராமத்தைச் சேர்ந்த கி. ராஜநாராயணனுக்கு 1991-இல் கிடைத்தது. ஒரு சிற்றூருக்கு இரண்டு பரிசுகள்! மகிழ வேண்டிய விஷயந்தான். ஆனால் அதே மண்ணில் பிறந்த சித்திரக் கைகளுக்கு நாம் என்ன செய்தோம்? புத்தகத்தை வாங்குகிறவர் ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்குகிறார். நாட்காட்டியை இலவசமாகப் பெறுகிறவர் கடைக்காரர் பெயரைத்தான் பார்க்கிறார். தை பிறந்தால் பழைய நாட்காட்டி பரணுக்குப் போய்விடுகிறது.

கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருப்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். சுமார் எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கிய கோயில். மேற்பகுதி முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. அதைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், “ஏன் நிறுத்திவிட்டார்கள்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். நாமும் யுத்தம், அரசன் மரணம் என்று ஏதேதோ ஊகம் சொல்வோம். சென்ற வருஷம் ஒரு பையன், “கூலி கொடுத்திருக்கமாட்டாங்க சார்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பாக்கி தீர்ந்தது

இந்தக் கட்டுரைக்காக விசாரிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மாலை தனியே அந்தச் சித்திரசாலைக்குப் போனோம். ஆரம்பத்தில் அவர் கேட்ட கூலிப்படி இரண்டு நாள் கூலியைக் கணக்கிட்டு, ஓர் உறையில் போட்டு எடுத்துச் சென்றோம். அவர் மறுப்பார், நாம் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்றெல்லாம் வழியில் எண்ணிக்கொண்டு போனதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அவர் மறுக்கவில்லை. உறையைப் பிரித்தார். இரண்டு முறை எண்ணினார். பிறகு அலமாரியிலிருந்து ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்து, தூசி தட்டி, மிகவும் அழகான கையெழுத்தில், ‘பாரதியார் படம் – கோடு மட்டும் – பாக்கி வரவு’ என்று எழுதிக் கொடுத்தார்.

“கண்ணும் எழுதிவிடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“எழுதலாம் வாத்தியாரய்யா. ஆடி, ஆவணி போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையும் போகட்டும். தையிலே சொவரு நல்லாக் காஞ்சிரும். அட்வான்ஸ் பாதி” என்றார்.

கொடுத்தோம். அதற்கும் ஒரு ரசீது கிடைத்தது.

போகிறவர்களுக்கு

முடிவாக, இத்தகைய சித்திரசாலைகளுக்குப் போக நினைக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். இது நாம் அடிபட்டுக் கற்றது.

கூலியை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். பேசியதைக் காகிதத்தில் எழுதி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். வேலை பாதியில் நின்றால் அதுவரை செய்ததற்கு என்ன என்பதையும் அப்போதே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. பெயர்ப் பலகையானால் எழுத்துக்களைத் தாங்களே எழுதிக் கொடுங்கள். பிழை வந்த பிறகு சண்டையிடுவதால் பிழை போவதில்லை. காற்றுக் காலத்திலும் மழைக் காலத்திலும் அவசரப்படுத்தாதீர்கள். மாசி, பங்குனி இதற்கு உகந்த காலம். சித்திரக்காரர் ஒரு தேதியைச் சொன்னால், “நிஜமாகவே முடியுமா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். “முடியாது” என்று சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது அந்தக் கேள்விதான். ஈரமான பலகையில் விரல் வைக்காதீர்கள். அவருடைய நேரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனால், அந்த நேரத்துக்குரிய கூலியைக் கொடுங்கள்.

முக்கியமாக, குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்களில் ஒருவருக்குத் தும்மல் வரலாம். ஒருவருக்குச் சலிப்பு வரலாம். ஆனால் ஒரு குழந்தையாவது சிறு கட்டம் பெரிய கட்டமாக மாறுவதைப் பார்த்து வாயடைத்து நிற்கும். நம் உறவினரின் மகள் சென்னைக்குப் போன பிறகு நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். உள்ளே, கட்டம் போட்டுப் பெரிதாக்கிய அவளுடைய பாட்டியின் முகம் இருந்தது. மூக்கு சற்றுக் கோணல்தான். அதைச் சித்திரக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“மூணாவது கட்டத்திலே கோடு தப்பிருச்சு. அழிச்சுட்டு மறுபடி போடச் சொல்லுங்க” என்றார்.

அப்படியே எழுதிவிட்டோம்.